லாரிக்கு யூரியா போட்டாச்சா?

நாமக்கல் பக்கம் போய் யாரையாவது நிறுத்தி, "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கோழி, லாரி, பள்ளிக்கூடம் என்று மூன்றில் ஒரு பதில்தான் வரும். மூன்றையும் சேர்த்துச் செய்கிற புண்ணியவான்களும் உண்டு.

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. ஆனால், லாரி விஷயத்தில் எல்லைக் கோடு கிடையாது. சங்ககிரியில் டீக்கடை பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறவரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அவருடைய வண்டி அந்த நேரம் நாக்பூர் தாண்டிக்கொண்டிருக்கும். திருச்செங்கோடு ரிக் வண்டிகள் வட இந்தியா வரைக்கும் போய் போர்வெல் போடுகின்றன. நாமக்கல் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கப் பறக்க லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். கேஸ் டேங்கர் என்றாலே நாமக்கல்தான். மற்ற ஊர்களில் அரசாங்க உத்தியோகம் எப்படியோ, இங்கே சொந்த லாரி அப்படி.

இந்த ஊர் மாமா ஒருத்தர் எனக்கு இருக்கிறார். அம்மாவின் தம்பி. கிளீனராக ஆரம்பித்து, டிரைவராகி, இரண்டு டாரஸ் வண்டிக்கு முதலாளியானவர். போன வருஷம் அவரிடமிருந்து போன்.

"மாப்ளே, டிரெய்லர் ஒண்ணு எடுக்கலாம்னு ரோசனை. 55 டன் வண்டி. நீங்க பி.காம். படிச்சவரு. ஒரு நடை வந்து கணக்குப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

பி.காம். படித்த எத்தனையோ பேர் உத்தியோகம் கிடைக்காமல் உட்கார்ந்திருக்க, நம்மையும் மதித்து ஒருத்தர் கூப்பிடுகிறாரே என்று உடனே பஸ் ஏறிவிட்டேன். போனால், அத்தை காபி டம்ளரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரையும் நீட்டினார். உள்ளே வீட்டுப் பத்திரம். கடனுக்கு அதைத்தான் வைக்கப் போகிறார்களாம்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. இதை வெச்சு எடுக்கலாமா?"

டெபிட், கிரெடிட்டெல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோய்விட்டது!

புகை சொல்லும் ஜோசியம்

முன்பெல்லாம் லாரி வாங்குவதில் அதிகக் குழப்பம் கிடையாது. எம்.ஜி.ஆர். ரசிகர், சிவாஜி ரசிகர் மாதிரி லேலண்டு வீடு, டாடா வீடு என்று இரண்டு கட்சிகள். அப்பா எதை ஓட்டினாரோ, மகனும் அதையே எடுப்பான். அப்புறம் ஓரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் 2012-ல் களத்துக்கு வந்தது. ஐஷர், மஹிந்திரா என்று கட்சிகளும் கூடிப் போயின.

மாமாவுக்குக் கட்சி மாறுவதில் ஆட்சேபணை இல்லை. அவருடைய கவலை வேறு. "மாப்ளே, புகையைப் பார்த்தே சீக்கு என்னன்னு சொல்லிடுவேன். கறுப்புப் புகை வந்தா டீசல் சரியா எரியலை, ஏர் ஃபில்டரைப் பாரு. நீலமா வந்தா ஆயில் எரியுது, பிஸ்டன் ரிங் போச்சு. வெள்ளையா விடாம வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ளே எறங்குது. இப்ப வர்ற வண்டியில புகையே இல்லீங்கறான். நான் எதைப் பார்த்து வைத்தியம் பண்றது?"

முப்பது வருஷ அனுபவத்தை ஒரே ஏப்ரல் முதல் தேதியில் செல்லாக்காசு ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் ஆதங்கம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஏனென்றால், இந்தக் கதையே ஏப்ரல் முதல் தேதிகளின் கதைதான்.

2000-ல் 'இந்தியா 2000' என்ற பெயரில் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு பாரத் ஸ்டேஜ் 2, 3 என்று படிப்படியாக ஏறியது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4. அதற்கு மூன்று நாள் முன்புதான், பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரலுக்குப் பிறகு விற்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஷோரூம்களில் ஆடித் தள்ளுபடி தோற்றது போங்கள்! அதற்கும் முன்பே, 2016 ஜனவரியில், பி.எஸ்.5-ஐ விட்டுவிட்டு நேரே ஆறாவதற்குப் போகலாம் என்று மத்திய அரசு முடிவு எடுத்திருந்தது. நாலாம் கிளாஸ் பையனுக்கு டபுள் பிரமோஷன்! 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம். இதில் சோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளையாக இருந்தால் மட்டும் போதாது, ரோட்டில் ஓடும்போதும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நைட்ரஜன் ஆக்சைடு என்று ஒரு விஷவாயு. பெரிய டீசல் இன்ஜின் ஒரு யூனிட் வேலை செய்யும்போது 3.5 கிராம் வரை விடலாம் என்றிருந்தது பி.எஸ்.4-ல். பி.எஸ்.6-ல் அது 0.4 கிராம். டீசலில் இருந்த கந்தகத்தையும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைத்துவிட்டார்கள்.

சைலன்சருக்குள் ஒரு சமையல்கட்டு

காமர்ஸ் படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தவர் சர்வீஸ் சென்டரில் இருந்த ஒரு சூப்பர்வைசர். நல்ல மனிதர். எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினுக்குள் டீசல் நன்றாகச் சூடாக எரிந்தால் கரி குறையும். ஆனால், அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கல்யாணம் பண்ணிக்கொண்டு விஷவாயு ஆகிவிடும். சரி, சூட்டைக் குறைக்கலாமென்றால் கரி அதிகமாகும். ஒன்றை அடக்கினால் இன்னொன்று தலை தூக்குகிறது. (மாமியார், மருமகள் விவகாரம் மாதிரிதான்!)

அதனால், இன்ஜினுக்கு வெளியே, புகை போகிற வழியில் வரிசையாக மூன்று செக்போஸ்ட் போட்டிருக்கிறார்கள்.

முதல் செக்போஸ்ட்டில் பிளாட்டினம் வகை உலோகம் பூசிய தேன்கூடு. அரைகுறையாக எரிந்ததை அது எரித்து முடிக்கும். லாரிக்கு அடியில் பிளாட்டினம் என்றதும் அத்தை ஒரு நிமிஷம் கையிலிருந்த வளையலைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டி. பீங்கான் சல்லடை. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைய சேர்ந்ததும் 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். டிரைவர்கள் 'ரீஜென்' என்கிறார்கள்.

மூன்றாவது எஸ்.சி.ஆர். இங்கேதான் நம்ம யூரியா வருகிறது. கம்பெனிக்காரர்கள் டி.இ.எஃப். என்பார்கள், ஆட்புளூ என்பார்கள். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி 67.5 பங்கு உப்பு நீக்கிய தண்ணீர். பெயரில்தான் ப்ளூ, பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். தொட்டியின் மூடி மட்டும் நீலம். புகைக் குழாய்க்குள் இதைப் பீய்ச்சியடித்தால் அம்மோனியா ஆகி, விஷவாயுவைப் பிடித்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றி அனுப்பிவிடும்.

2017-ல் பி.எஸ்.4 வந்தபோது இதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற ஈ.ஜி.ஆர். முறையை அசோக் லேலண்ட் எடுத்துக்கொண்டது. ஆட்புளூ தேவையில்லை என்பதே அதற்குப் பெரிய விளம்பரம். இப்போது பெரிய டீசல் லாரி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் யூரியா உண்டு. ஆகவே, "யூரியா ஊத்தாத வண்டி எது?" என்று ஷோரூம் ஷோரூமாக அலைவதில் பிரயோஜனம் இல்லை.

உரக்கடை யூரியா உதவாது

"யூரியாதானுங்களே? தோட்டத்துல மூட்டை மூட்டையா கெடக்குது. கரைச்சு ஊத்திட்டாப் போச்சு" என்றார் உடன் வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்.

சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டார். காரணம் இருக்கிறது. 2015-லிருந்து வயலுக்குப் போடும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் மற்ற அழுக்கும் உள்ளே போனால் ஊசிமுனை நாசில் அடைத்துக்கொள்ளும், தேன்கூடு பாழாகும். அதோடு, விவசாயிக்கு அரசாங்கம் மானியத்தில் தருகிற யூரியாவை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம்.

தண்ணீர் கலந்து ஊற்றினாலும் வண்டி கண்டுபிடித்துவிடும். தரம் பார்க்க ஒரு சென்சார், புகை பார்க்க ஒரு சென்சார். முதலில் விளக்கு எரியும். அப்புறமும் நீங்கள் கவனிக்காவிட்டால் இழுவை குறையும். அதற்கப்புறம், 55 டன் வண்டி மாட்டு வண்டியோடு போட்டி போடும். இந்த சென்சார்களையே ஏமாற்றுகிறேன் என்று காதோடு காதாக ஒரு டப்பா விற்கிறார்கள். அது சட்ட விரோதம். மாட்டினால் வாரண்டியும் போச்சு.

இன்னொரு ஆபத்து, அவசரத்தில் டீசல் தொட்டியில் யூரியாவை ஊற்றிவிடுவது. அப்படி ஊற்றினால் சாவியைத் திருப்பவே கூடாது. தொட்டியைக் கழற்றிக் கழுவினால் சில ஆயிரத்தோடு போகும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் என்று லட்சக்கணக்கில் இழுத்துவிடும்.

பி.காம். கணக்கு

இனி நம்ம ஏரியா. மாமா யூரியாவைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தார். பேப்பர், பேனா எடுத்தேன்.

மாதம் 9,000 கிலோமீட்டர் ஓட்டம். லோடோடு லிட்டருக்கு 3 கிலோமீட்டர். டீசல் 3,000 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 2,76,000 ரூபாய். யூரியா டீசலில் சுமார் 5 சதவிகிதம் செலவாகும் என்றால் 150 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்று போட்டால் 9,000 ரூபாய்.

அதே வண்டி லிட்டருக்கு 3.3 கிலோமீட்டர் கொடுத்தால்? டீசல் 2,727 லிட்டர் போதும். 25,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதாவது, மைலேஜில் ஒரு 300 மீட்டர் கூடினால் மூன்று மாத யூரியா ஓசி! பயப்பட வேண்டியது யூரியாவுக்கு அல்ல. எந்த வண்டி உங்கள் லோடுக்கு, உங்கள் ரூட்டில் மைலேஜ் கொடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது டியூ. 40 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, ஐந்து வருஷம். மாதம் சுமார் 85,000 ரூபாய். வண்டி ஓடினாலும், ஓடாமல் பட்டறையில் படுத்திருந்தாலும், ஒரு நாளைக்கு 2,800 ரூபாய் கரையும். இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் தனி. ஒரு சென்சார் வர நாலு நாள் காத்திருந்தால் டியூ கணக்கிலேயே 11,000 ரூபாய்க்கு மேல் காலி. அந்த மாத யூரியா செலவைவிட அதிகம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. வண்டி விலை 35 லட்சம் என்றால் வரி 9.8 லட்சமாக இருந்தது 6.3 லட்சமாகிறது. கணக்கு எழுதி இன்புட் எடுக்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. மாமா மாதிரி ஆட்களுக்கு மூன்றரை லட்சம் நேராகக் கையில் நின்ற மாதிரி.

பழசு எடுத்தால் என்ன?

"ஏனுங்க மாப்ளே, பேசாம பி.எஸ்.4-ல பழசு ஒண்ணு எடுத்துட்டா? எந்த ஊர்ல நின்னாலும் ஒரு ஸ்பேனர் வெச்சே ஓட்டிடலாமே?"

நியாயமான கேள்விதான். சேலம் இரும்பாலை, சங்ககிரி சிமென்ட் என்று பக்கத்திலேயே சுற்றுகிறவர்களுக்குப் பழைய வண்டி இன்னும் சோறு போடும். ஆனால், மாமாவுக்கு லோடு கிடைப்பது டெல்லி லைனில். அங்கேதான் இடிக்கிறது. வெளிமாநிலப் பதிவு சரக்கு வண்டிகளில் பி.எஸ்.6-க்குக் கீழே உள்ள டீசல் வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் தடை என்று உத்தரவு. பி.எஸ்.4-க்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை தவணை கொடுத்தார்கள். ஐந்து வருஷ டியூ கட்ட வேண்டிய வண்டிக்கு இந்தத் தவணையை நம்பிக் கடன் வாங்க முடியுமா? பேப்பரில் 'பழசு' என்று எழுதியிருந்ததை மாமாவே பேனா வாங்கி அடித்துவிட்டார்.

அவருக்கு ஓயாத இருமல் ஒன்று உண்டு. அது எதனால் என்று டாக்டர் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. ஆனால், டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்தது. அந்தப் புகையை எல்லோரையும்விட அதிகம் குடிப்பது யார்? லாரி முதலாளியோ, அதிகாரியோ இல்லை. டிரைவரும், கிளீனரும், சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற நீங்களும் நானும்தான். இதை நான் சொன்னபோது மாமா பதில் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நீங்கள் ஆபீஸ் போகிறவராக இருக்கலாம். உங்கள் சித்தப்பாவோ மச்சானோ வண்டி எடுக்கும்போது கூட்டிப் போனால், ஷோரூமில் ஏ.சி.யில் உட்கார்ந்து கூல்டிரிங்க்ஸ் குடித்துவிட்டு வராதீர்கள். இதையெல்லாம் கேளுங்கள்.

ஒன்று: போகிற ரூட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் சென்டர்? கோயம்புத்தூரில் இருக்கிறது என்பது பதில் அல்ல. ராத்திரி 2 மணிக்கு வண்டி நின்றால் யார் வருவார்கள்?

இரண்டு: உங்கள் ஓட்டம் என்ன? நீளமாக ஹைவேயில் போகிற வண்டியில் கரி தானாகவே எரிந்துவிடும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், அஞ்சு மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் க்யூ என்றால் சல்லடை சீக்கிரம் அடைக்கும். அப்படிப்பட்டவர்கள் ரீஜென் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று அதே வேலை செய்கிற இன்னொரு வண்டி டிரைவரிடம் விசாரிக்க வேண்டும்.

மூன்று: எரிந்த சாம்பல் சல்லடையிலேயே தங்கும். அதைச் சுத்தம் செய்வது எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எவ்வளவு செலவு?

நாலு: வாரண்டி எந்த எந்தக் காரணத்துக்கு ரத்தாகும்? பி.எஸ்.6 இன்ஜினுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவு என்று பழைய ஆயிலை ஊற்றினால் சல்லடைக்குக் கேடு. 'பயோ டீசல்' என்று சொல்லிச் சந்துக்குள் விற்கிற சரக்கும் அப்படித்தான்.

ஐந்து: டிரைவருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இதுதான் முக்கியம். ரீஜென் விளக்கு எரியும்போது இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. வண்டியை நிறுத்தி ரீஜென் பண்ணும்போது சோளத்தட்டுப் போர், காய்ந்த புல் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. சைலன்சர் கொதிக்கும். கேஸ் டேங்கர்காரர்கள் பிளான்ட் வாசலில் ரீஜெனைத் தடுத்து வைக்கும் சுவிட்ச் எது என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. "ஓட்டப் போறவன் அவன். நாம பாட்டுக்குப் பேசிட்டிருக்கோம்!" என்று டிரைவர் அண்ணனையே வரவழைத்துவிட்டார். அந்த அண்ணன் இரண்டு கம்பெனி வண்டியையும் லோடோடு தொப்பூர் கணவாய் வரை ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "அண்ணா, இழுவை ரெண்டும் ஒண்ணுதானுங்க. இந்த வண்டியில விளக்கு எதுக்கு எரியுதுன்னு எனக்குப் புரியுது. அதுல புரியலீங்க" என்றார்.

இத்தனை பக்கம் நான் போட்ட கணக்கு ஒரு பக்கம், இந்த ஒரு வார்த்தை ஒரு பக்கம். அண்ணனுக்குப் புரிந்த வண்டியின் சர்வீஸ் சென்டர் டெல்லி ரூட்டிலும் நெருக்கமாக இருந்தது. அதையே புக் பண்ணினார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். உங்கள் ரூட்டுக்கும் உங்கள் டிரைவருக்கும் வேறு வண்டி பொருந்தலாம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அத்தை மறுபடி என்னைப் பார்த்தார். "மாசம் எத்தனை நாள் வண்டி ஓடினா டியூ கட்டலாம் தம்பி?" என்றார். வாடகை ஏறி இறங்கும் என்பதால் தேதி குறித்துச் சொல்லவில்லை. "வாடகை நம்ம கையில இல்லீங்க அத்தை. வண்டி நிக்காம பாத்துக்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி வந்து நாலு மாதம் ஆகிறது. யூரியா பக்கெட்டுகளுக்குப் பொறுப்பு இப்போது அத்தைதான். வெயில் படாமல் ஸ்டோர் ரூமில் அடுக்கி, தனியாகப் புனல், தனியாகத் துணி வைத்திருக்கிறார். போன வாரம் பேரன் அந்தப் புனலை எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றப் போயிருக்கிறான். அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம்!